எரித்தவளிடம் அத்தாட்சி கேட்ட ஊர்

வீட்டுக்கு வெளியே இரும்புப் படி. தெருவிலிருந்து ஒரு வளைவு வளைந்து மாடி வாசலுக்கு ஏறுகிறது. படியின் மேல் நேற்றைய பனி, பனியின் மேல் இன்றைய மழை, மழை உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது. பெட்டியோடு ஏறிய நான் பாதியிலேயே விழுந்தேன்.

“பயப்பிடாதேங்கோ அக்கா,” மேலே நின்று சிரித்தார் ஜெறோம். “இந்தப் படியில விழாத ஆக்களுக்கு இஞ்ச சிற்றிசன் குடுக்க மாட்டாங்கள்.”

“சிரிச்சது காணும், பெட்டியைத் தூக்குங்கோ,” என்றாள் அவர் மனைவி ஸ்ரெல்லா.

மன்னார்க்காரர்கள். ஜெறோம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், ஸ்ரெல்லா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். ஸ்ரெல்லாவின் தங்கை திருச்சியில் என் சிநேகிதியின் வீட்டில் குடியிருந்தவள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இவர்கள் வீட்டுப் பின்னறையில் எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். நான் எழுதுகிறவள் என்று தெரியும். என்ன எழுதுகிறேன் என்று கேட்காத நாகரிகம் இருந்தது.

வந்த வேலை இதுதான். மனித உரிமைப் பயிற்சி நிலையம் ஒன்று ஐரோப்பாவிலிருந்து ரோமா இளைஞர்கள் சிலரை வரவழைத்து, இந்த ஊரின் அமைப்புகளில் பழகுநர்களாக அமர்த்தியிருந்தது. ஐரோப்பாவில் மற்றவர்கள் ஜிப்சி என்று வசையாகச் சொல்லும் மக்கள்தான் ரோமா. பல நூறு வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்று அவர்களுடைய மொழி சொல்கிறது. போன இடமெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு, தங்கள் மக்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதக் கற்றுத்தர வேண்டும். உரைநடையில் கவிதை எழுதிப் பாதி வாழ்க்கையைக் கழித்த எனக்கு நடந்ததை நடந்தபடி எழுத வராது. அதை அழைத்தவர்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம், உள்ளே சாம்பல் நிறக் கம்பளம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். நான் இந்தியா என்றதும் அறை எழுந்து கை தட்டியது. கிழக்கு ஹங்கேரியிலிருந்து வந்த இலோனா, இருபதுகளின் தொடக்கம், நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“பாணி!” என்று தண்ணீர்ப் புட்டியைக் காட்டினாள். “நாக்!” என்று மூக்கைத் தொட்டாள். இரண்டும் அவர்கள் மொழிச் சொற்கள்.

“இந்தியில அப்படித்தான். எங்க ஊர்ல தண்ணி, மூக்கு.”

“ஐயோ, நீங்க வேற இந்தியாவா?” அறை சிரித்தது. அவள் மட்டும் விடவில்லை. “உங்க இந்தியாவுல எங்கள மாதிரி ஆளுங்க உண்டா?”

நரிக்குறவர்களைப் பற்றிச் சொன்னேன். பேருந்து நிலையங்களில் பாசிமணி விற்கிறவர்கள், ஊர் ஊராகத் திரிந்து இப்போது ஊரோரம் குடியமர்ந்தவர்கள்.

“பஸ்ல அவங்க பக்கத்துல உட்காருவாங்களா?”

யோசித்தேன். “அந்த சீட்டு பெரும்பாலும் காலியாத்தான் இருக்கும்.”

“அப்போ அதே இந்தியாதான்,” என்றாள் இலோனா.

அன்று அதற்குமேல் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை.

இலோனா அமர்த்தப்பட்டிருந்தது அகதிகளுக்கு உதவும் ஒரு சின்ன அலுவலகத்தில். கீழே பெட்டிக்கடை, மேலே ஒற்றை அறை. இங்கே பெட்டிக்கடையை தெப்பனேர் என்கிறார்கள்; பாலும் பியரும் லாட்டரிச் சீட்டும் ஒரே கல்லாவில். மறுநாள் மதியம் அவள் என்னை அங்கே கூட்டிப்போனாள். வாசலை ஒட்டிய நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல், மார்கிட் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொட்டவள், ஹோட்டல் அறைகளைக் கழுவித் துடைக்கும் கை. மடியில் மகள் யூலியின் பள்ளிப்பை.

அவள் கதையை இலோனா எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஹங்கேரியில் அவர்கள் குடியிருப்புக்கு வெளியே, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மார்கிட்டின் கணவனை மூன்று பேர் காரிலிருந்து இறங்கி அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அடுத்து நீங்கள் என்று சுவரில் எழுதினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து அடைக்கலம் கேட்டாள். விசாரணையில் கேட்டார்கள்: ஆஸ்பத்திரிக் காகிதம் எங்கே, மிரட்டல் வந்த போன் எங்கே, ரத்தம் படிந்த சட்டை எங்கே?

“எரிச்சிட்டேன்,” என்று சொன்னாள் மார்கிட்.

எரித்துத்தான் இருந்தாள். மெத்தை, சட்டை, பூட்ஸ், போன், போட்டோ, அவன் பெயர் எழுதிய ஒவ்வொரு காகிதமும். செத்தவனின் பொருள் வீட்டில் இருந்தால் அவனால் போக முடியாது. அவன் பெயரையும் சொல்லக் கூடாது, சொன்னால் திரும்பிப் பார்ப்பான்.

“எல்லா ரோமாவும் இப்படி இல்ல,” என்றாள் இலோனா. “எங்க பக்கத்துல சில குடும்பங்கள். ஆனா எங்களுக்கு இது மூச்சு விடுற மாதிரி. ஏன் எரிச்சேன்னு யாரும் கேப்பாங்கன்னே அவளுக்குத் தோணல. ‘எங்க வழக்கம்’னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டா. அந்த மொழிபெயர்ப்பாளர் ஹங்கேரியர். அந்த ஒரு வார்த்தைய அப்படியே சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.”

தீர்ப்பு, நம்பத்தக்க அத்தாட்சி இல்லை என்று வந்தது. மேல்முறையீடும் தோற்றது. திருப்பி அனுப்பும் நாள் குறித்தாகிவிட்டது. இனி ஒரே ஒரு கடைசி மனு. அதற்குப் புதிய அத்தாட்சி வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் இறந்தவரின் பாயையும் தலையணையையும் தாமிரபரணிக் கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவோம். ஆனால் அதற்கு முன்பே யாராவது ஒரு மச்சான் இறப்புச் சான்றிதழுக்குக் கிளம்பியிருப்பார். ரேஷன் கார்டுக்கு, பென்ஷனுக்கு, வங்கிக்கு என்று கத்தையாக ஜெராக்ஸ் எடுத்து வைப்போம். துக்கத்தையும் தாலுகா ஆபீஸையும் ஒரே கையால் பிடித்துப் பழகியவர்கள் நாம். மார்கிட்டின் ஆட்களுக்கு எந்த ஆபீஸும் எந்தக் காலத்திலும் நல்லது செய்ததில்லை. அவர்கள் ஏன் காகிதத்தைக் காப்பாற்றப் போகிறார்கள்?

மார்கிட் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். இலோனா சிரித்தாள். “நீங்க போலீஸ் இல்லையேன்னு கேக்குறா. நோட்டுப் புத்தகம் வச்சிருக்கவங்க எல்லாம் போலீஸ்தானாம்.”

செத்தவனின் தம்பி பேலா இதே ஊரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் இருந்தான். கூரை வேய்கிற வேலை. அவனிடம் ஏதோ இருக்கிறது என்று இலோனாவுக்கு மோப்பம். சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம். சுரங்கத்தின் நடுவில் மெட்ரோ நின்றுவிட்டது. ஒலிபெருக்கி பிரெஞ்சில் நீளமாக வருத்தப்பட்டது. யாரும் தலை தூக்கவில்லை. நம் ஊரில் ரயில் நின்றால் ஒரு பெட்டி முழுக்க உறவாகிவிடும், ஒருவர் முறுக்கைப் பிரிப்பார், ஒருவர் ரயில்வேயைத் திட்டுவார். இங்கே ஒவ்வொருவரும் தன் கோட்டுக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு ஒரு பஸ், அது ஊரின் விளிம்பு வரை ஊர்ந்தது. தவறான நிறுத்தத்தில் இறங்கினோம். நடைபாதை இல்லாத சாலை, ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி மூடிய கராஜ்கள். கார்கள் எங்கள் மேல் சேற்றுப் பனியை வாரியடித்துவிட்டுப் போயின.

பேலா கதவைத் திறந்ததும் பேச்சு இல்லை, முதலில் சாப்பாடு. மிளகாய்த்தூள் சிவப்பில் கோழிக் குழம்பு, மாவு உருண்டைகள். பார்க்கத் திருநெல்வேலி, வாயில் வைத்தால் காரமே இல்லை. இலோனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இவங்க அழுதாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்குமாம்,” என்று அவனிடம் சொல்ல, அவன் ஊறுகாய் மிளகாய்ப் புட்டியையே தூக்கி என் முன் வைத்தான்.

அப்புறம் போனை எடுத்து மேசையில் வைத்தான், திரை கவிழ்ந்தபடி.

“அண்ணன் ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பின குரல். அடிச்சவங்க யாரு, என்ன கார், எல்லாம் சொல்றான். அவன் சாமானைத்தான் எரிக்கணும். இது என் போன். அழிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல.”

“விசாரணை நடந்தப்ப ஏன் கொடுக்கல?” என்று கேட்டாள் இலோனா.

“அவ கேக்கலியே. பெண்டாட்டி கேக்காதப்ப நான் எப்படி அவன எழுப்புறது?”

ஒரு வீட்டுக்கு உள்ளே அந்தப் பதில் முழுமையானது. மறுவார்த்தைக்கு இடமில்லை. வீட்டுக்கு வெளியே அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஜன்னலில் பனி விழ ஆரம்பித்திருந்தது.

மார்கிட்டையும் யூலியையும், கூடவே இலோனாவையும், மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டவள் ஸ்ரெல்லா. கணவாய் மீன் கறியும் புட்டும். “பெரிய மனிச உரிமை எல்லாம் எனக்குத் தெரியாது. பசிச்ச வயித்தோட ஒரு முடிவும் எடுக்கக் கூடாது,” என்றாள். என் தட்டைப் பார்த்து, “சாம்பார் இல்லையெண்டு கவலைப்படாதேங்கோ அக்கா, இந்தியாக்காரர் கணவாய் திண்டாலும் உயிர் போகாது,” என்றும் சொன்னாள்.

மார்கிட் தன் டம்ளரைத் தானே இன்னொரு தரம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்ரெல்லா பார்த்தாள், கோபப்படவில்லை. யூலிக்கு ஒன்பது வயது இருக்கும். ஸ்ரெல்லாவோடு பிரெஞ்சில் விளாசிக்கொண்டிருந்தாள், அவளுடைய பள்ளி, அவளுடைய டீச்சர், பனியில் தொலைந்த ஒற்றைக் கையுறை. தாய்க்கு அந்த மொழி ஒட்டவில்லை.

புட்டு முடியும் முன்பே இலோனா அந்தக் குரலைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். முதலில் மெதுவாக, பிறகு மேசையைத் தட்டி. மார்கிட் தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“என்ன சொல்லுறா?” என்று ஜெறோம் என்னைக் கேட்டார். நான் இலோனாவைப் பார்த்தேன்.

“அவர் தூங்குறார். ஒரு குமாஸ்தாகிட்ட பேசுறதுக்கு அவர எழுப்பச் சொல்றியா? அப்படிங்குறா.”

ஜெறோம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “என்னட்டயும் கேட்டவங்கள் அக்கா. உன்ர அண்ணன் செத்ததுக்கு என்ன ஆதாரம் எண்டு. எங்கட வீடு சண்டையில எரிஞ்சு போச்சுது எண்டு சொன்னன். நம்பினவங்கள். எரிஞ்சு போச்சு எண்டால் நம்புவாங்கள். நானே எரிச்சனான் எண்டால் எவன் நம்புவான்? பாவம், இவ உண்மையை அப்பிடியே சொல்லிப்போட்டா.”

இலோனா இதை மார்கிட்டுக்குச் சொன்னாளா, தெரியாது. யூலி ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். ஸ்ரெல்லா எழுந்து சட்டி பானைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன கேட்டா?”

“அப்பாவின்ர குரலை அனுப்பாட்டி நாங்கள் போகவேணுமோ எண்டு கேக்கிறாள்.” ஸ்ரெல்லா மூக்கை உறிஞ்சினாள். “அப்ப, எல்லாம் விளங்கித்தான் இருக்குது பிள்ளைக்கு.”

மகள் கேட்டது என்ன என்பதை மார்கிட் இலோனாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டாள். யூலிக்கும் போட்டுவிட்டாள். “நாங்க வெளியில நிக்கிறோம். கேளுங்க. முடிஞ்சதும் கூப்பிடுங்க,” என்றாள்.

அவர்கள் அந்த இரும்புப் படியில் நின்றார்கள், தாய் மகளின் காதுகளைக் கம்பளித் தொப்பியின் மேலேயே பொத்திக்கொண்டு. உள்ளே, பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மார்கிட் சம்மதித்ததைச் சொன்னதும் பேலா அனுப்பிய அண்ணனின் குரலை இலோனா ஓடவிட்டாள். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலமாக்கினாள், நான் எழுதினேன். நான்தான் என்று தன் பெயரைச் சொல்லித் தொடங்கினான். அடித்தவர்களில் ஒருவனைத் தெரியும் என்றான், யார் மகன் என்றும் சொன்னான். மூச்சுக்கு நடுவே இருமினான். ஆஸ்பத்திரிக் கஞ்சி நாய் குடிக்காது என்று கடைசியில் சிரித்தான். நடந்ததை நடந்தபடி எழுதினேன், வாழ்க்கையில் முதல் முறையாக. ஒரு உவமை இல்லை. அவள் ஏன் எரித்தாள், பேலா ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பழகுநரின் வாக்குமூலமாக இலோனா கையெழுத்திட்டாள். மார்கிட்டின் வக்கீல் மனுவை அனுப்பினார்.

பிறகு காத்திருந்தோம். நான் வகுப்பு எடுத்தேன், எலும்பு வரை குளிர்ந்தேன், அடுப்பில் மின்சாரக் கம்பி மட்டும் சிவக்கும் சமையலறையில் ஸ்ரெல்லாவுக்கு வெங்காயம் உரித்தேன். இந்த ஊரில் அடுப்பில்கூட நெருப்பைப் பார்க்க முடியாது.

பதில் வந்தபோது இலோனா என்னோடு வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வக்கீல் போனில் வாசித்தார். குரல் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிவு முதல் விசாரணையின்போதே இருந்தது, அப்போதே தந்திருக்கலாம், எனவே அது புதிய அத்தாட்சி ஆகாது. வழக்கம் என்று சொல்லப்படும் காரணம் போதாது. அவ்வளவுதான்.

“அவர எழுப்பிட்டோம்,” என்றாள் இலோனா. “எழுப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லல.”

விமான நிலையத்துக்கு நான் கூட்டிப்போறன் என்றார் ஜெறோம். விடிந்ததும் மார்கிட்டும் யூலியும் இலோனாவும் பைகளோடு வந்துவிட்டார்கள். வண்டி கிளம்பவில்லை. குளிரில் பேட்டரி செத்திருந்தது. ஜெறோம் சாவியைத் திருகுவார், வண்டி ஒரு முறை இருமும், அடங்கும். நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கிளம்பாதே, கிளம்பாதே என்று நான் மனதுக்குள் ஒரு இயந்திரத்தைக் கெஞ்சினேன். மற்றவர்களும் அதையேதான் கெஞ்சினார்கள் என்று நினைக்கிறேன். கிளம்பாவிட்டாலும் ஒன்றும் மாறாது, அடுத்த விமானம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். இருந்தாலும் கெஞ்சினோம். பக்கத்து வீட்டு ஹெய்ட்டிக்காரர், நல்ல மனிதர், ஓடிவந்து தன் காரிலிருந்து வயர் கொடுத்தார். வண்டி உறுமியது. அவர் பெருமையாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மார்கிட்தான் முதலில் அவருக்கு மெர்சி சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அதுதான்.

விமான நிலையத்தில், அதிகாரி காத்திருந்த கண்ணாடிக் கதவுக்கு முன், மார்கிட் இலோனாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கோபமாகப் பிடித்தது போலத்தான் இருந்தது.

“போன்ல இருக்கிறத அழி. பேலாவும் அழிச்சிட்டான். காகிதத்தையும். என்னப் பத்தி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு, நான் உயிரோட இருக்கேன். அவர விட்டுடு. அவர் போகட்டும்.”

யூலி ஸ்ரெல்லாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒற்றைக் கையுறையை என்னிடம் தந்தாள். மற்றது கிடைத்தால் சேர்த்து வைக்கவாம்.

கடைசி நாளில் பயிற்சி நிலையத்தில் நிறைவு விழா. விருந்தினர், மேசை நிறைய சான்ட்விச், சான்றிதழ்கள். பழகுநர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைச் சொன்னார்கள். விழா தொடங்கும் முன் ஒருங்கிணைப்பாளர் இலோனாவின் தோளைத் தொட்டார். கெட்டவர் அல்ல, கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“அந்தக் குரல ஒரு நிமிஷம் ஓடவிட்டாப் போதும் இலோனா. இந்த மாதிரி இன்னும் எத்தனை குடும்பம். நிதி கொடுக்கறவங்க வந்திருக்காங்க, அவங்க கேக்கணும்.”

“அழிச்சிட்டேன்.”

அவர் அதிர்ந்து போனார். “அத்தாட்சிய அழிக்கக் கூடாதுன்னுதானே முதல் வாரமே சொல்லிக் கொடுத்தோம்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதினீங்களே. அதையாவது வாசிக்கலாமா?”

எழுதியது என் பையில் இருந்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அந்த அறையில் அதை வாசித்தால் ஒருவேளை அடுத்த மார்கிட்டுக்கு ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைக்கலாம். நான் எழுதியதிலேயே பொய் கலக்காத பக்கமும் அதுதான். இலோனா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட இல்ல,” என்றேன்.

இலோனா முறை வந்ததும் எழுந்து, மார்கிட் என்ற பெண்ணின் வழக்கு தோற்றது, தன் மக்கள் எதை ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் விசாரணை அறையில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மாலையில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மின்சார அடுப்பில் அந்தக் காகிதத்தை எரிக்க முடியாது, வீட்டுக்குள் எரித்தால் புகை மணி அலறும். படியில் உட்கார்ந்து, மீன் டின் ஒன்றை வைத்துக்கொண்டு, நெருப்புக்கு என்ன செய்வது என்று விழித்தோம். பின்னால் வந்து நின்ற ஜெறோம் மெதுவாகத் தன் பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்து நீட்டினார்.

“ஓகோ!” கதவிலிருந்து ஸ்ரெல்லாவின் குரல். “சிகரெட்டை விட்டிட்டன் எண்டு மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணினது ஆர்?”

“பிறகு என்னை ஏசலாம். இப்ப பேசாம நில்லு.”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். காகிதம் பிடிக்க நேரமாயிற்று, காற்று அணைத்து அணைத்து விளையாடியது. இலோனா தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். கடைசி மூலையும் கருகியதும் டின் சூட்டில் அவள் கை உதற, சாம்பல் படியில் கொட்டியது. உறைந்த கண்ணாடியின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

“விடு பிள்ளை,” என்றாள் ஸ்ரெல்லா. “சாம்பல் கிடந்தா நல்லது. வழுக்காது.”

செத்தவனின் பெயர் எனக்குத் தெரியும். அவன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடித்து மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தேன், எங்காவது என்னை அறியாமல் விழுந்திருக்கிறதா என்று. இல்லை.

நான் கிளம்பிய காலையில் ஜெறோம் என் பெட்டியோடு முன்னால் இறங்கினார். “அக்கா, சாம்பல் கிடக்கிற படியில காலை வையுங்கோ, விழ மாட்டியள்,” என்றார். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் படியை மிதிக்காமல் தாண்டினேன். அடுத்த படி வழுக்கியது.